நிற்கிற உரிமை: கடைத்தெருவும் மனித ஊடாட்டமும்

1

'கடைத்தெருப் பக்கம் போயிட்டு வரேன்' என்று ஒருவர் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினால், என்ன வாங்கப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பினாலும் போன காரியம் கெட்டுவிட்டதாகக் கருதுவதில்லை. நாலு பேரைப் பார்த்திருப்பார், நாலு சேதி காதில் விழுந்திருக்கும், டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்திருப்பார், யாரோடாவது வாக்குவாதம்கூடப் பண்ணியிருப்பார். சரக்கும் பணமும் கைமாறுகிற இடம் என்று கடைத்தெருவுக்கு வரையறை சொல்கிற பொருளியல் பாடப்புத்தகத்தில் இந்த விவகாரங்களுக்கு இடமில்லை. ஆனால் இவற்றைக் கழித்துவிட்டால் தெரு காணாமல் போய்விடும். வெறும் கடைகள்தான் மிஞ்சும்.

'உயிர்ப்புள்ள கடைத்தெரு', 'மனித ஊடாட்டத்தை ஊக்குவிக்கும் வடிவமைப்பு' என்ற சொற்கள் இன்று நகராட்சி அறிவிப்புகளில்கூட வந்துவிட்டன. கிரானைட் பெஞ்சு, பூந்தொட்டி, வண்ண விளக்கு, நடைபாதையில் ஓவியம் என்று இவற்றுக்குப் பொருள் சொல்லப்படுகிறது. இதெல்லாம் கட்டடக்கலைஞர்கள், பொறியாளர்கள் பாடு, எழுதுகிறவர்களுக்கும் இயக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவருக்கு, அதை நின்று வாங்கிப் படிக்க ஓர் ஆள் வேண்டும். தெருமுனைக் கூட்டத்துக்குத் தெருமுனை வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஒரு மணிநேரம் புரட்டிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவனைச் சகித்துக்கொள்ளும் நடைபாதை இல்லாமல் தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகன் உருவாகியிருக்க மாட்டான். பேச்சு நடக்கிற இடத்தை யார் வடிவமைக்கிறார்கள், அங்கே யாரை நிற்க விடுகிறார்கள் என்பது நம் பிரச்சினைதான்.

வெளி என்பது ஏற்கெனவே காலியாகக் கிடந்து நாம் போய் நிரப்புகிற பாத்திரமில்லை, சமூக உறவுகள் அதை உற்பத்தி செய்கின்றன என்று பிரெஞ்சு மார்க்சியரான ஆன்ரி லெஃபெவ்ர் 1974இல் வாதிட்டார். கடைத்தெருவுக்கு இதைப் பொருத்தினால் ஒரு விஷயம் புலப்படும். தெருவின் அகலம், திண்ணையின் உயரம், நிழல், வாடகை, போலீஸ்காரரின் லத்தி எல்லாம் சேர்ந்து, இங்கே யார் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. நிற்கும் நேரம்தான் ஊடாட்டத்தின் மூலப்பொருள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

2

டென்மார்க் கட்டடக்கலைஞர் யான் கேல் 1971இல் வெளியிட்ட நூலில் தெருவில் மனிதர்கள் செய்கிற காரியங்களை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, செய்தே தீர வேண்டியவை: வேலைக்குப் போவது, பஸ்ஸுக்கு நிற்பது, அரிசி பருப்பு வாங்குவது. தெரு எவ்வளவு மோசமாக இருந்தாலும் இவை நடக்கும். இரண்டாவது, விருப்பப்பட்டால் செய்பவை: காற்று வாங்குவது, வேடிக்கை பார்ப்பது, சற்று உட்கார்ந்துவிட்டுப் போவது. தெரு இதமாக இருந்தால்தான் இவை நடக்கும். மூன்றாவது சமூகச் செயல்கள்: குசலம் விசாரிப்பது, அரட்டை, குழந்தைகளின் விளையாட்டு, அறியாதவர்களின் பேச்சைக் கேட்பது. இந்த மூன்றாவதை யாரும் நேரடியாகத் திட்டமிட்டு உண்டாக்க முடியாது. முதல் இரண்டும் நீடித்தால் அது தானாக விளையும். 'ஊடாட்டத்தை வடிவமைப்பது' என்ற பேச்சில் உள்ள சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பேச்சை வடிவமைக்க முடியாது. தங்குவதற்கான சூழலை வடிவமைக்கலாம்.

இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. ஒரு தெருவின் உயிர்ப்பு என்பது அங்கே வருகிறவர்களின் எண்ணிக்கையை அவர்கள் தங்கும் நேரத்தால் பெருக்கி வருவது. ஒரே நிமிடத்தில் கடந்துபோகும் நூறு பேரும் பத்து நிமிடம் நிற்கிற பத்துப் பேரும் தெருவுக்குக் கொடுப்பது ஒரே அளவுதான். ஆனால் அந்த நூறு பேரில் யாரும் யாரோடும் பேசியிருக்க மாட்டார்கள். கூட்டம் வேறு, கூடுதல் வேறு.

இதற்குச் சோதனைக்களமாக இருந்தது கோபன்ஹேகன். அதன் முக்கியக் கடைத்தெருவான ஸ்ட்ரோயெட், ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் நீளம். 1962 நவம்பரில் அதில் கார்கள் நுழைவதைப் பரீட்சார்த்தமாகத் தடுத்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். தெருவில் உட்கார்ந்து பேசுவது இத்தாலிக்காரர்களின் பழக்கம், நம் குளிருக்கு அது ஒத்துவராது என்ற பேச்சும் எழுந்தது. 1964இல் ஏற்பாடு நிரந்தரமானது. வாகனமற்ற பரப்பு சுமார் 16,000 சதுர மீட்டரில் தொடங்கி, 1990களின் நடுவில் ஏறக்குறைய 95,000 சதுர மீட்டரானது. குளிர் அப்படியே இருந்தது, மக்கள் உட்கார்ந்தார்கள். 'எங்க ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது' என்பது பண்பாடு பற்றிய உண்மையாகச் சொல்லப்பட்டாலும், பெரும்பாலும் உட்கார இடம் இல்லாததன் விளைவுதான். மாற்றம் ஒரே இரவில் திணிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முப்பது வருஷங்களில், தெருத்தெருவாக, கார் நிறுத்துமிடங்களைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

தெருவின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் கேல் கணக்கு வைத்திருக்கிறார். கடை முகப்பு ஐந்தாறு மீட்டர் அகலம் என்றால் நூறு மீட்டருக்குப் பதினைந்து முதல் இருபது கடைகள் வரும். சாதாரணமாக நடக்கிற ஒருவருக்கு ஐந்து விநாடிக்கு ஒருதரம் புதிதாக ஒன்று கண்ணில் படும். ஒரு வாசல், ஒரு முகம், ஒரு வாசனை. அதே நூறு மீட்டரை ஒரே நிறுவனம் கண்ணாடிச் சுவரால் அடைத்துவிட்டால் பார்க்க ஒன்றுமில்லை, கால் தானாக வேகம் பிடிக்கும். குறுகிய முகப்புகள் நெருக்கமாக நிற்கும் நம் பழைய கடைவீதிகளில் இந்தக் கணக்கை எவரும் போட்டதில்லை. துண்டு துண்டான மனையும் சின்ன முதலும் சேர்ந்து அதை உண்டாக்கின.

நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் என்பவர் கட்டடங்களுக்கு முன்னாலிருந்த திறந்தவெளிகளை வருஷக்கணக்கில் படம்பிடித்து 1980இல் முடிவுகளை வெளியிட்டார். உட்கார இடம் உள்ள இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பது அவருடைய முதன்மையான கண்டுபிடிப்பு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய முற்றங்களில் அந்த எளிய விஷயமே மறக்கப்பட்டிருந்தது. உட்காரக்கூடிய விளிம்புகளில் கம்பி பதித்து ஆட்களை விரட்டிய இடங்களும் இருந்தன. இன்னொன்றையும் அவர் கண்டார். தெரிந்தவரைச் சந்தித்தால் மக்கள் ஓரமாக ஒதுங்கிப் பேசுவதில்லை, போகிறவர் வருகிறவர்களின் நடுவழியிலேயே நின்று பேசுகிறார்கள். 'வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க' என்று அதட்டுகிற அதிகாரிக்குத் தொல்லையாகப் படுவது எதுவோ அதுதான் தெருவின் பலன்.

இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி ஜேன் ஜேக்கப்ஸ். கட்டடக்கலைப் பட்டம் இல்லாதவர், பத்திரிகையாளர். 1961இல் வந்த அவரது நூல் அமெரிக்க நகரத் திட்டமிடலின் அடிப்படைகளையே உலுக்கியது. பல பயன்பாடுகளின் கலப்பு, சின்னச் சின்னத் தெருத்துண்டுகள், பழைய கட்டடங்கள், போதிய அடர்த்தி என நான்கு நிபந்தனைகளை அவர் வைத்தார். பழைய கட்டடம் என்பது அழகு பற்றிய பேச்சில்லை. புதுக் கட்டடத்தின் வாடகையைப் பெரிய முதலாளிதான் தாங்குவார். செருப்புத் தைப்பவரும் பழைய புத்தகம் விற்பவரும் வாடகை குறைந்த பழைய கட்டடத்தில்தான் பிழைக்க முடியும். கடைக்காரர்கள் தெருவின் கண்கள் என்றார் அவர். அவர் வாழ்ந்த பகுதியில் வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். கடைக்காரர் நண்பருமில்லை, அந்நியருமில்லை. இந்த இடைப்பட்ட உறவுதான் கடைத்தெரு உண்டாக்குகிற தனி உறவு. வீட்டாலும் அலுவலகத்தாலும் அதைத் தர முடியாது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் வடிவமைப்புக்குப் பஜனை பாடியதாகிவிடும். ஜேக்கப்ஸ் எழுதிய கிரீனிச் வில்லேஜ் பகுதி இன்று நியூயார்க்கில் பணக்காரர்கள் மட்டுமே குடியேறக்கூடிய இடங்களில் ஒன்று. ஸ்ட்ரோயெட்டில் இன்று பெரும்பகுதி பன்னாட்டு நிறுவனங்களின் கிளைகள். தெரு இதமானால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் அதை இதமாக்கியவர்களே வெளியேற நேரும். வடிவமைப்பு நிபுணர்களின் வரைபடங்களில் இந்தச் சுழற்சிக்குக் கோடு கிடையாது.

3

'மனித ஊடாட்டம்' என்கிற சொற்சேர்க்கையில் 'மனிதர்' யார்? ஐரோப்பிய எழுத்துகளில் இவர் சாதியற்ற, பொதுவான ஒரு பாதசாரி. நம் தெருவில் அப்படியொரு ஆள் நடந்ததே இல்லை.

சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள். முதலாவதில் யவனர், பரதவர், கைவினைஞர், கூவி விற்போர். இரண்டாவதில் அரசர், அந்தணர், பெருவணிகர். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மரச்சோலையில் நாளங்காடி நடக்கிறது. உழைக்கிறவர்களின் பகுதிக்கும் ஆள்கிறவர்களின் பகுதிக்கும் நடுவே சந்தை. காவலுக்கு ஒரு பூதம். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பிரிந்து வாழும் சமூகத்தில் சந்தை இரு தரப்பும் சந்திக்கிற விளிம்பாக இருந்தது, அந்தச் சந்திப்பு கண்காணிப்போடுதான் நடந்தது என்கிற இரண்டையும் அந்த வருணனையிலிருந்து வாசிக்கலாம்.

நெடுங்காலம் கழித்தும் தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கிய சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழைவதற்கானது அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கானது. பெரியார் அதில் இருமுறை சிறை சென்றார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்தை இன்றைய நகரத் திட்டமிடல் பாடத்தில் சேர்க்க வேண்டும். 'நடக்க உகந்த நகரம்' பற்றி இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய விவாதம் அதுதான்.

அந்தக் கதை முடிந்துபோனதும் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பொது இடத்தில் செருப்புப் போடுவதையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் புத்தாடை அணிவதையும் தடுப்பதைக் குற்றமாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 2015இல் ஒரு சட்டம் செருப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்றால், எங்கள் ஊர்த் தெருவில் எல்லாரும் கலந்து பழகுகிறோம் என்று யார் சொல்ல முடியும்? இரட்டைக் குவளை வைத்த டீக்கடையும் 'ஊடாட்டம்' நடக்கிற இடமாகத்தான் இருந்தது. ஊடாட்டம் தன்னளவில் நல்லதுமில்லை கெட்டதுமில்லை. எந்த நிபந்தனையில் நடக்கிறது என்பதே கேள்வி. நகரக் கடைத்தெருவின் முக்கியத்துவமும் இங்கேதான். அங்கே எதிரில் வருகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. தெரியாததால் ஒரு விடுதலை. அந்நியர்களுக்கிடையே நடக்கிற பேச்சு, ஊரார் நடுவே நடக்கிற பேச்சைவிட அதிக ஜனநாயகமாக இருக்க முடியும்.

கட்டுரையின் தொடக்கத்தில் 'போயிட்டு வரேன்' என்று கிளம்பிய அந்த ஒருவர் ஆண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மும்பையை ஆராய்ந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட நூல், பெண்கள் பொதுவெளியில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருப்பதை விளக்கியது. சும்மா நிற்கிற பெண்ணைத் தெரு சந்தேகிக்கிறது. கையில் பை இருந்தால் சந்தேகம் குறைகிறது. அப்படியானால் கடைத்தெரு என்பது பெண்ணுக்குச் சும்மா நிற்பதற்குக் கிடைத்த ஒரு சாக்கு. அந்தச் சாக்கில் இரண்டு பெண்கள் வளையல் கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பேசுவதை 'நுகர்வு மோகம்' என்று இடதுசாரி நண்பர்கள் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது.

4

இந்தக் கணக்குகளையெல்லாம் சென்னை தியாகராய நகரில் வைத்துப் பார்க்கலாம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் ரங்கநாதன் தெரு நாட்டிலேயே நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களில் ஒன்று. உயிர்ப்புக்கு அதைவிட வேறு எது உதாரணம் என்று கேட்கத் தோன்றும். கேலின் கணக்கைப் போட்டால் தெரியும், அது எண்ணிக்கையில் பெரியது, தங்கும் நேரத்தில் சிறியது. கூட்டம் ஆளைத் தள்ளிக்கொண்டே போகிறது. நிற்பதற்கு எஞ்சியிருப்பது நடைபாதை வியாபாரியின் முன்னால் உள்ள இரண்டடி மட்டும்தான். பேரம் பேசுகிற அந்த இரண்டடியில்தான் தெரு ஒரு கணம் மனிதர்களுடையதாகிறது. மற்றபடி மாடிமாடியாக உயர்ந்த பெரிய கடைகள் தெருக்கூட்டத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகின்றன.

அந்தக் கடைகளுக்குள்ளே நிற்கிறவர்களின் கதை வேறு. 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' அதைத்தான் திரையில் வைத்தது. காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை. வாங்க வந்தவருக்கு நாற்காலி உண்டு, எடுத்துக் காட்டுகிறவருக்குக் கிடையாது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்கள் எல்லாருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்பது சட்டமானது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! தெருவில் நிற்க முடியாத வாடிக்கையாளர், கடையில் உட்கார முடியாத தொழிலாளி. இரண்டும் ஒரே வெளியின் இரண்டு முகங்கள். கடைத்தெரு வடிவமைப்பு பற்றிய எந்த நூலும் கடைக்குள் நிற்கும் காலைப் பற்றிப் பேசுவதில்லை. பத்து மணிநேரம் நின்று கால் வீங்கிய பெண், முகம் கொடுத்துப் பேசுவாள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேடை திறக்கப்பட்டது. மூட்டை முடிச்சோடும் முழங்கால் வலியோடும் ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கடந்துபோவதற்கான தீர்வு. நிற்பது பற்றிய கேள்வி கீழே தெருவிலேயே கிடக்கிறது.

பக்கத்திலேயே பாண்டி பஜார். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பதன் சுருக்கமே இந்தப் பெயர் என்பார்கள். டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தில் கைவைத்தவர். பஸ்ஸில் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று கண்டித்துச் சொன்னவரின் பெயரில் ஒரு கடைத்தெரு. அந்தப் பெயருக்குத் தெரு நியாயம் செய்கிறதா?

2019 நவம்பரில் அந்தச் சாலை அகன்ற நடைபாதைகளோடு நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. வாகனங்களுக்குக் குறுகிய இடம், நடப்பவர்களுக்கு அகன்ற இடம், உட்கார இருக்கைகள். சாயங்காலத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், கிழவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். காசு கொடுக்காமல் உட்காரக் கிடைத்த இடத்தை 'மேட்டுக்குடி அலங்காரம்' என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பையில் பணமில்லாதவனும் உட்காரக்கூடிய கடைத்தெரு சின்ன விஷயமில்லை.

ஆனால் அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2013இல், அதே சாலையின் நடைபாதை வியாபாரிகள் ஒரு மாடி வளாகத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். நடக்க இடமில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு இடம் வந்தது. அந்த அகலத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நடைபாதை வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மாடி வளாகத்தின் பிரச்சினை புரியும். கர்ச்சீப் வாங்குவதற்கென்று யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. போகிற வழியில் கண்ணில் படுகிறது, கால் நிற்கிறது, 'எவ்வளவுப்பா?' என்கிறோம். கால் நிற்பதுதான் அவருக்கு முதலீடு. மாடியில் கால் வராது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் பழைய புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனபோது வாசகர்கள் இழந்ததும் இதுதான். புத்தகங்கள் மிஞ்சின, தற்செயல் போயிற்று.

வியாபாரி தெருவுக்குத் தருவதையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. வழி சொல்வது அவர், தொலைந்த குழந்தையைப் பிடித்து வைப்பது அவர், இரவில் விளக்கு வைத்திருப்பதும் அவர். ஜேக்கப்ஸ் சொன்ன தெருவின் கண்கள் இங்கே பெரும்பாலும் தள்ளுவண்டிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் கண்காணிப்புக் கேமரா வைப்பதற்கு 'பாதுகாப்பான தெரு' என்று பெயர்.

5

தெருவோர வியாபாரம் அடிப்படை உரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1989இல் சோதான் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் சொன்னது. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால், தெருவை வடிவமைக்கும் மேசையில் தள்ளுவண்டிக்காரருக்கு நாற்காலி போட்ட சட்டம் இது. நாற்காலி உண்மையில் போடப்படுகிறதா, அவர் பேசுவது குறிப்பில் ஏறுகிறதா என்பதைப் பார்க்க வேண்டியது இயக்கங்களின் வேலை.

உங்கள் ஊர்க் கடைத்தெருவை அழகுபடுத்தப் போவதாக அறிவிப்பு வந்தால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பூந்தொட்டிகளை எண்ண வேண்டாம். வேறு சில கேள்விகள் இருக்கின்றன. காசு கொடுக்காமல் உட்கார எத்தனை பேருக்கு இடம்? அது வெயிலிலா நிழலிலா? குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் எங்கே? நூறு மீட்டருக்கு எத்தனை வாசல்கள்? இப்போது அங்கே கூடை வைத்திருக்கும் பெண் வேலை முடிந்த பிறகு எங்கே உட்காருவார்? வாடகை ஏறினால் தையல்காரரைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு? சேரியிலிருந்து அந்தத் தெருவுக்கு வருகிற வழியில் வெளிச்சம் உண்டா? கூட்டம் போட்டுப் பேச ஒரு மூலை விடப்பட்டிருக்கிறதா?

இவற்றுக்குப் பதில் இல்லாத வரைபடத்தில் மனிதர்கள் பொம்மைகளாகத்தான் நடந்துகொண்டிருப்பார்கள், படத்தில் போட்டிருப்பது போலவே.